இது அவன் வாரம்

"இந்த வாரம் யார் வாரம்?"

பதில் தெரிந்தேதான் கேட்டாள். கேட்டுவிட்டு ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தாள்.

"என் வாரம்," என்றான் கணவன். அதில் பெருமை இல்லை. பல் பிடுங்க நாற்காலியில் உட்கார்ந்தவனின் குரல் அது.

சனிக்கிழமை, மணி மூன்றரை. வேறு ஊரில் புதிதாகத் திறக்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அவளைத் தலைமை அதிகாரியாகப் போடுகிறார்கள். சம்மதமா இல்லையா என்று ஐந்து மணிக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போனில் சொல்ல வேண்டும். ஆறு வருஷமாக அடுத்தவன் கையெழுத்துக்குக் கீழேயே கையெழுத்துப் போட்டவளுக்கு, முதல் தடவையாக மேலே போட ஒரு வாய்ப்பு.

கடிதம் காலையிலேயே வந்துவிட்டது. வந்தவுடன் சரி என்று சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பீர்கள். வேலைக்குப் போனால் வீடு மாற வேண்டும். அப்படியானால் அது வீட்டு விஷயம். வீட்டு விஷயத்தை அந்த வாரக்காரர்தான் முடிவு செய்ய வேண்டும். அப்படி ஒரு சட்டம். எழுதியவளும் அவளேதான்.

அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள். ஒரு தலையணை உறை வாங்கக்கூட அப்பாவின் முகத்தைப் பார்த்து அம்மா நின்றதைக் கண்டு வளர்ந்த ஆத்திரம் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்தது. கல்யாணமான மறுவாரமே பதினொரு விதிகளை எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டாள். ஒற்றைப்படை வாரம் அவளுக்கு, இரட்டைப்படை வாரம் அவனுக்கு. போன மாதம் அவன் நண்பர்களோடு மலையேறப் போகட்டுமா என்று கேட்டபோது, "என் வாரம், முடியாது" என்று ஒரே போடாகப் போட்டவள், இன்று விதியை மீறினால் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

"சீக்கிரம் முடிவு பண்ணு."

"உன் இஷ்டம்மா. உனக்குப் புடிச்சிருந்தா..."

"விதி நாலு!" என்று கத்தினாள். "'உன் இஷ்டம்'னு சொல்லவே கூடாது. எங்கப்பா அப்படித்தான் சொல்வாரு. அப்புறம் ஒரு வாரம் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பாரு."

"சரி, யோசிக்கிறேன்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். ஒரு காற்புள்ளி வேண்டுமா வேண்டாமா என்று டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருப்பவன். திரைச்சீலையின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலை அவன் வாரத்தில் விழுந்துவிட்டதால், எட்டு மாதமாக அவர்கள் ஜன்னலை மறைப்பது பழைய செய்தித்தாள்தான்.

மணி நாலு.

"இன்னிக்கு ஒரு நாளை எனக்குக் குடு. அடுத்த வாரம் என்னோட ஒரு நாளை நீ எடுத்துக்க."

"குடுத்துடலாம்," என்று எழுந்து போய்ப் பட்டியலில் விரல் வைத்தான். "ஆனா விதி ஏழு. நாள் மாத்தணும்னா இருபத்துநாலு மணி நேரம் முன்னாடியே சொல்லணும்."

"எந்த முட்டாள் எழுதினது இதை?"

பட்டியலின் அடியிலிருந்த அவள் கையெழுத்தை அவன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டான். நல்ல மனிதன்.

கடைசியில் விதி ஒன்பது கைகொடுத்தது. முடிவு எட்டாவிட்டால் வீட்டுப் பெரியவர் ஒருவரைக் கேட்கலாம். கிராமத்திலிருந்த மாமியாருக்குப் போன் போட்டாள். அந்த அம்மாளை நினைத்தாலே அவளுக்குப் பாவமாக இருக்கும். மாமனார் இருமினால் தெருவே திரும்பிப் பார்க்கும். மாமியாரின் குரல் அடுப்பைத் தாண்டாது. ஆனாலும் மகன் அம்மா பேச்சைத் தட்டமாட்டான்.

"அத்தை, ரெண்டே வார்த்தை. 'அவளை அனுப்புடா'ன்னு உங்க புள்ளைகிட்ட சொல்லுங்க."

"பெரிய வேலையாம்மா?"

"தலைமை அதிகாரி, அத்தை!"

"ரொம்ப சந்தோஷம். இரு, மாமாவை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்றேன்."

அவ்வளவுதான். அம்மா, தலையணை உறை, அப்பாவின் முகம் எல்லாம் ஒன்றாகப் பொங்கி வந்தன.

"எதுக்கு மாமாவைக் கேக்கணும்? உங்களுக்குன்னு ஒரு வாய் இல்லியா?"

"அதுக்கில்லம்மா..."

"எதுக்கில்ல? இப்படிப் பயந்து பயந்துதானே நம்ம பொம்பளைங்க எல்லாரும்..."

ஆரம்பித்தாள். அடுப்படியில் தொடங்கி, சொத்துரிமையில் நுழைந்து, வாக்குரிமைக்கு வந்தபோது மணி நாலே முக்கால். அந்த நேரத்தில்தான் கணவன் அவள் எதிரே வந்து நின்றான். வாழ்க்கையில் முதல் முறையாகக் கெடுவுக்கு முன்பே ஒரு முடிவெடுத்திருந்தான். ஆனால் விதி இரண்டு, ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடக் கூடாது. ஆகவே ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி நீட்டினான். அவள் அதை வாங்கி, பார்க்காமலே விசிறிக்கொண்டாள். பேச்சில் அவ்வளவு சூடு.

"...கேட்டுக் கேட்டே உங்க காலம் போச்சு, அத்தை! ஒரு நாளாவது நீங்களா ஒரு முடிவெடுங்க!"

போனை வைத்துவிட்டு விசிறியைத் திருப்பினாள். 'போகலாம். நானும் வருகிறேன்.' ஒரு பிழை இல்லை. ஐந்து மணி ஏழு நிமிஷம்.

தலைமை அலுவலகத்தில் எழுத்தர் எடுத்தார்.

"போஸ்ட் போயிடுச்சே மேடம். அஞ்சு வரைக்கும் பாத்தோம். அப்புறம் லிஸ்ட்ல அடுத்து இருந்தவரைக் கூப்பிட்டோம். நான் கேட்டு முடிக்கறதுக்குள்ள சரின்னுட்டாரு."

அவள் ஃப்ரிட்ஜில் சாய்ந்தபடி தரையில் உட்கார்ந்தாள். கணவனும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"விதி பதினொண்ணு ஞாபகம் இருக்குல்ல?" என்றாள். "'நான் அப்பவே சொன்னேன்'னு சொல்லக் கூடாது."

"நான் சொல்லலியே. எழுதித்தானே காட்டினேன்."

போன் அடித்தது. மாமியார்.

"என்னம்மா, திட்டிட்டு வச்சிட்ட? நான் சொல்ல வந்ததைக் கேக்கவே இல்லியே."

"மன்னிச்சிருங்க, அத்தை. எல்லாம் போச்சு. இவன் முடிவு சொல்றதுக்காகக் காத்திருந்து, வேலையே கைவிட்டுப் போச்சு."

மறுமுனையில் மாமியார் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அடிப் பைத்தியக்காரி, நெசமாவே கேட்டுக்கிட்டா உக்காந்திருந்த? நான் பால் சங்கத்துக்குத் தலைவியாகி ஆறு மாசம் ஆச்சு. ஆகலாமான்னு மாமாவை இன்னும் கேட்டுக்கிட்டேதாம்மா இருக்கேன்."