டிரம்பெட்டுக்குக் குடை

வெயில் வீரர் என்றொரு இனம் உண்டு. உங்களுக்கும் ஒருவரையாவது தெரிந்திருக்கும். தொப்பி கோழைக்கு, குடை கிழவருக்கு, வெயில் களிம்பு கல்யாண மாப்பிள்ளைக்கு என்று தீர்ப்பு எழுதிவிட்டு, பக்கத்திலேயே நிழல் காலியாகக் கிடக்க, உச்சி வெயிலில் நடுத்தெருவில் நின்று ஊர்க்கதை பேசுவார். கேட்டால் ஒரே பதில்: "நம்ம தோலு பழகின தோலுப்பா!"

எங்கள் பேண்டு குழுவின் டிரம்பெட்காரர் இந்த இனத்தின் தலைவர். மைதானத்தில் ஒத்திகை என்றால் குடையோடு வருவார். ஆச்சரியமா? குடை டிரம்பெட்டுக்கு! பித்தளை சூடானால் சுதி ஏறிவிடுமாம். ஊதாத நேரமெல்லாம் அதை நிழலில் படுக்கவைத்துவிட்டு, தான் பக்கத்தில் நின்று வெந்துகொண்டிருப்பார்.

இரண்டொரு நாளில் கீழுதட்டில் கொப்புளம் கொத்தாகப் பூக்கும். காரணம்? ஒருமுறை தலையணை உறை, ஒருமுறை பற்பசை, ஒருமுறை மாமியாரின் வருகை. வெயில் மட்டும் நிரபராதி!

இந்த முறை விஷயம் முற்றிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் ஆண்டு விழா. வருடக்கணக்காகக் கெஞ்சி வாங்கிய தனி வாசிப்பு. உதடோ வீங்கிக் கிடக்கிறது. அவர் இடத்தின் மேல் கிளாரினெட்காரர் கண்வைத்துக் காத்திருக்கிறார். மனைவி இழுத்துக்கொண்டு போனார், தோல் டாக்டரிடம்.

"உதட்டு நரம்புல ஒரு கிருமி தூங்குதுங்க. தோல்ல இருக்கிற காவல் செல்கள்தான் அதை அடக்கி வைக்குது. வெயிலோட புற ஊதாக் கதிர் பட்டா காவல் அசந்துடும். கிருமி எழுந்து கூத்தடிக்கும்."

"பழகின தோல் டாக்டர்!"

"தோல் கறுத்துப் பழகும். காவல் பழகாது."

"அன்னைக்கு மேகமா இருந்துச்சே?"

"மேகத்தைத் தாண்டியும் வரும். அகலத் தொப்பி, முழுக்கை சட்டை, உதட்டுக்கும் வெயில் களிம்பு. ரெண்டு மணி நேரத்துக்கொரு தடவை மறுபடி பூசணும். உச்சி வெயில்ல ஒத்திகையே வேணாம்."

"தலைக்கும் குடை பிடிக்கச் சொல்லுங்க டாக்டர்," என்றார் மனைவி. "கேட்டா, ஒரு குடைதான் இருக்காம்!"

ஞாயிற்றுக்கிழமை தனி வாசிப்பு கிளாரினெட்காரருக்கே போனது. நம் வீரர் அகலத் தொப்பியோடு குடைக்குள், டிரம்பெட்டோடு நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார். "தொப்பி வேணுமா?" என்று மேடையைப் பார்த்து உதடு வலிக்கக் கத்தினார்.

வெயிலில் பளபளத்த கிளாரினெட்காரர் சிரித்தார். "நம்ம தோலு பழகின தோலுண்ணே!"

சிரிக்கிறீர்களா? சரி, இதைப் படிக்கும் வெளிச்சம் எந்த ஜன்னல் வழியாக வருகிறது? பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். சுடுகிறதா? இப்போது "கொஞ்ச நேரம்தானே" என்று முணுமுணுத்தது யார்?