ஏழாம் எண் சட்டையும் என் நிச்சயதார்த்தமும்

நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

1. வீடியோ கேமில் நான் நடத்தும் கூடைப்பந்து அணியில் என் வருங்காலக் கணவரைச் சேர்த்தேன்.
2. அணியில் இடமில்லாததால் என் தாய்மாமா வெளியேற்றப்பட்டார்.
3. வெளியே போன மாமாவை வேறெந்த அணியும் எடுக்கவில்லை. எனவே ஓய்வு பெற்றார்.
4. இரண்டும் மூன்றும் நடக்கும்போது நான் சமையலறையில் ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன்.
5. திரும்பி வந்து, திரையில் இருந்ததைப் படிக்காமலேயே படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டேன். கீழே மூன்று கைதட்டல் எமோஜி.
6. நிச்சயதார்த்தத்துக்கு வர முடியாது என்று திருத்துறைப்பூண்டியிலிருந்து மாமா சொல்லி அனுப்பினார்.

நான் மென்பொருள் சோதனைப் பொறியாளர். ஒரு பொத்தானை அமுக்கினால் என்னென்ன விபரீதம் நடக்கும் என்று முன்கூட்டியே யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள். (தஞ்சாவூரில் வீட்டிலிருந்தபடியே சென்னைக் கம்பெனிக்கு யோசிக்கிறேன். வீட்டுக்காக யோசிப்பது அதில் சேராது என்று பின்னால் தெரிந்துகொண்டேன்.)

அந்த விளையாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதில் மேட்ச் மட்டும் ஆடலாம். அல்லது ஒரு அணியையே எடுத்து வருடக்கணக்கில் நடத்தலாம். யாருக்கு எத்தனை வருட ஒப்பந்தம், யாரை விடுவது, எந்த இளைஞனைச் சேர்ப்பது எல்லாம் நம் பொறுப்பு. ஒரு சீசன் முடிந்தால் எல்லாருக்கும் ஒரு வயது கூடும். முப்பத்தைந்தை நெருங்கியவர்களை அது தனியாகக் கவனிக்கும். வயது என்ன, ஆட்டம் எவ்வளவு இறங்கியிருக்கிறது, கையில் ஒப்பந்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு உள்ளுக்குள் ஒரு சீட்டுக் குலுக்கிப் போடும். ஒப்பந்தம் இருக்கிறவர் பெரும்பாலும் தப்பிப்பார். அணியே இல்லாமல் வெளியே நிற்கும் வயதானவர் அநேகமாகத் தப்ப மாட்டார். பாராட்டு விழா, பொன்னாடை எதுவும் கிடையாது. அடுத்த சீசன் தொடங்கும்போது 'ஓய்வு பெற்றார்' என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான். அதன்பின் கூப்பிட்டாலும் வர மாட்டார்.

என் அணியின் பெயர் வெண்ணாறு வீரர்கள். அதில் பாதிப் பேர் எங்கள் குடும்பத்து ஆட்கள். நானே உருவாக்கி, முகம் வரைந்து சேர்த்தவர்கள். தாய்மாமா சேவியர்தான் அதில் நட்சத்திரம். நிஜத்திலும் அவர் பள்ளி நாட்களில் மிஷன் ஸ்கூல் அணிக்கு ஏழாம் எண் சட்டையில் ஆடியவர். இப்போது அறுவடை மெஷின் வாடகைக்கு விடுகிறார். தன்னை உருவாக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து, வயது இருபத்தெட்டு என்று போடச் சொன்னார். (அப்போதே ஐம்பதைத் தாண்டியிருந்தார்.) மீசையையும் ஏழாம் எண்ணையும் மட்டும் நிஜம்போலவே வைக்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் போன் செய்து, போன வாரம் தன் கணக்கில் எத்தனை பாயிண்ட் என்று கேட்பார். நானும் சொல்வேன். சில வாரங்களில் கொஞ்சம் கூட்டியும் சொல்வேன்.

இப்படி இருக்கும்போது எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். பெயர் அருள், சீர்காழியில் கால்நடை மருத்துவர். நேரில் ஒரு முறை பார்த்தோம், போனில் சில முறை பேசினோம். அந்த அளவு தரவை வைத்துக்கொண்டு அவரை நான் ஆறடி நாலு அங்குல உயரத்தில், அணியிலேயே இரண்டாவது சிறந்த ஆட்டக்காரராக உருவாக்கினேன். அதே கையோடு, ஒப்பந்த வேலைகளைக் கணினியே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டு, சீசனை ஓட்டும் பொத்தானை அமுக்கிவிட்டு மாங்காய் நறுக்கப் போனேன்.

கணினி தன் கடமையைச் செய்தது. இத்தனை சீசனில் திரை மாமாவுக்கும் முப்பத்தாறு வயதாகியிருந்தது, ஒப்பந்தம் அந்த வருடத்தோடு முடிந்திருந்தது. புதிதாக வந்தவருக்கு இடம் வேண்டும். ஆகவே மாமாவுக்குப் புதுப்பிக்கவில்லை. அதோடு விட்டிருக்கலாம். காலியான ஏழாம் எண்ணை எடுத்து அருளுக்குப் போட்டது.

நான் குழுவில் போட்ட படத்தில் இரண்டு செய்தியும் அடுத்தடுத்து இருந்தன. மேலே மாமாவின் ஓய்வு, கீழே ஏழாம் எண்ணில் அருள், அதன் கீழே என் கைதட்டல்.

அம்மாவுக்கு அந்த விளையாட்டில் பந்து எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதுகூடத் தெரியாது. ஆனால் படத்தைப் பார்த்த மாத்திரத்தில் முழுவதும் புரிந்துவிட்டது.

"அவன் எடத்துல மாப்பிள்ளைய ஒக்கார வச்சியா? அதுவும் அவன் நம்பர்லயே?"

"நான் பண்ணலம்மா. அது தானா பண்ணிடுச்சு."

"இதை அவன்கிட்ட சொல்லிப் பாரு."

எங்கள் வீட்டில் எந்த விசேஷத்துக்கும் முதல் அழைப்பு தாய்மாமாவுக்குத்தான். நிச்சயத்தன்று அவர் மாலை போட்டு, அவர் கொண்டுவந்த சேலையைக் கொடுத்த பிறகுதான் பெண் மேடை ஏறுவாள். மாமா வராவிட்டால் மேடை ஏற எனக்கு வழியில்லை. விசேஷம் அந்தச் சனிக்கிழமை. பங்குக் கோயில் மண்டபம் எடுத்து, சாப்பாட்டுக்கும் சொல்லியாகிவிட்டது. மேட்டூர் அணை திறக்காத மாதம் வேறு. வயலில் வேலை இல்லை, மெஷின் ஷெட்டில் நின்றது. கோபப்பட மாமாவுக்கு நேரம் தாராளமாக இருந்தது.

நான் தொழில்முறைப்படி பிரச்சினையை அணுகினேன். பழைய நிலைக்குத் திரும்பலாம் என்று பார்த்தால், விளையாட்டு தானாகவே சேமித்து, பழையதன் மேல் புதியதை எழுதியிருந்தது. (எச்சரிக்காமல் அழிக்கும் மென்பொருளைக் கண்டித்து ஆபீசில் நான் எழுதிய அறிக்கையை இன்றும் மாதிரியாகக் காட்டுகிறார்கள்.) அடுத்து, மாமாவையே பத்தொன்பது வயதுப் பையனாக மறுபடி உருவாக்கி, படத்தை அவருக்கு அனுப்பினேன். ரொம்ப நேரம் கழித்து பதில் வந்தது.

"யாரு இந்தப் பையன்?"

அதற்குப் பிறகு அவர் என் போனை எடுக்கவில்லை. அத்தைதான் எடுத்து, மாமா குளிக்கிறார் என்றார். மாலையிலும் குளித்துக்கொண்டுதான் இருந்தார்.

வேறு வழியில்லாமல் அருளிடம் நடந்ததையும், மறுநாள் மாமா வீட்டுக்குப் போவதையும் சொன்னேன். முழுவதும் கேட்டார்.

"நான் எப்ப உங்க டீம்ல சேர்ந்தேன்?" என்றார்.

அவர் கூடைப்பந்தைக் கையால் தொட்டதே இல்லையாம்.

மறுநாள் அம்மாவும் நானும் பழம், பூ, வெற்றிலை வைத்த தட்டோடு மன்னார்குடியில் பஸ் மாறி திருத்துறைப்பூண்டி போனோம். தட்டு வைத்திருந்த கூடையில் லேப்டாப்பும் இருந்தது. மாமா ஷெட்டில் மெஷினின் பெல்ட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அது ஏற்கெனவே பளபளப்பாக இருந்தது. வாங்க என்று அம்மாவைப் பார்த்துச் சொன்னார். என்னைப் பார்க்கவில்லை.

லேப்டாப்பைத் திறந்து வைத்து விளக்கினேன். வயது, ஆட்டத் திறன், ஒப்பந்தம், குலுக்கல் எல்லாம் சொன்னேன். இது எல்லாருக்கும் பொதுவான கணக்கு, தனிப்பட்ட முறையில் யார் மேலும் பகை இல்லை என்றேன். அவர் நிதானமாகக் கேட்டார்.

"கான்ட்ராக்ட் இருந்திருந்தா தூக்கியிருக்குமா?"

"பெரும்பாலும் தூக்காது மாமா."

"அப்ப கான்ட்ராக்ட் இல்லாம பண்ணது யாரு?"

"மெஷின் மாமா."

"நானும் மெஷின் வச்சிருக்கேன். அதுவா போயி யார் வயலையும் அறுக்காது. பொத்தானை அமுக்குனது யாரு?"

"நான்தான் மாமா."

மாமா துணியை மடித்து வைத்தார். "வயசாயிடுச்சு மாமா, இந்த வருசம் பெஞ்சுல ஒக்காருங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒக்காந்திருக்க மாட்டேனா? ஊருக்கே தெரிஞ்சப்பறம் எனக்குத் தெரியுது. கீழ கைதட்டல் வேற."

அம்மா தட்டைக் கீழே வைக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் வாசலில் பைக் வந்து நின்றது. சீர்காழியிலிருந்து அந்த வெயிலில் அருள் வந்திருந்தார். வருவதாக என்னிடம் சொல்லவில்லை. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளை இப்படித் தனியாக வரலாமா என்று அம்மாவின் முகம் போன போக்கை இங்கே எழுத முடியாது. ஆனால் மாமாவுக்கு வேறு சிக்கல். எங்கள் மேல் எத்தனை கோபம் வேண்டுமானாலும் படலாம். முதல்முறை வீட்டுக்கு வந்த மாப்பிள்ளையை நிற்கவைக்க முடியாது. எழுந்தார், நாற்காலியைத் துடைத்துப் போட்டார், அத்தையைக் கூப்பிட்டு மோர் கொண்டுவரச் சொன்னார்.

அருள் உட்காராமலேயே பேசினார். "மாமா, எனக்கு இந்த வெளையாட்டே தெரியாதுங்க. என்னைக் கேக்காமலே சேத்துட்டாங்க. உங்க நம்பர் எனக்கு வேண்டாம்."

மாமா முதன்முறையாக லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார். திரையில் ஆறடி நாலு அங்குல அருள் ஒரு கையில் பந்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரே ஐந்தரை அடி அருள் இரண்டு கையாலும் ஹெல்மெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அவருதான் இவரா?" என்றார் மாமா.

மோர் கொண்டுவந்த அத்தைதான் முதலில் சிரித்தார். பிறகு மாமா. பிறகு, பாவம், அருளும்.

"உயரத்தைக் கொஞ்சம் கூட்டிப் போட்டுட்டேன் மாமா," என்றேன்.

"என் வயசைக் கொறச்ச கைதானே," என்றார்.

அதுவரை நான் திறந்தே பார்க்காத ஒரு பகுதி அந்த விளையாட்டில் இருந்தது. பல வருடம் ஆடி ஓய்வு பெற்றவரின் எண்ணை அணியே நிரந்தரமாக எடுத்து வைத்துவிடலாம். அந்தச் சட்டை அரங்கத்தின் கூரையில் தொங்கும். ஒரே நிபந்தனை, இப்போது அந்த எண்ணைப் போட்டிருப்பவர் முதலில் விட்டுக்கொடுக்க வேண்டும். அருள் தானே குனிந்து தன் எண்ணை மாற்றினார். மாமாவின் பெயரை நான் தேர்ந்தெடுத்தேன். கடைசிப் பொத்தானை மட்டும் மாமாவே அமுக்கினார்.

விளக்கெல்லாம் அணைந்து, ஏழாம் எண் சட்டை மெதுவாக மேலே போனது. ஆயிரக்கணக்கான பொம்மை ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடி ஒரு தரம் காட்டச் சொன்னார். ஒரு தரம்தான் வரும் என்றேன்.

"இனிமே அந்த நம்பரை யாரும் போட முடியாதா?"

"முடியாது மாமா."

"மாப்பிள்ளையும்?"

"அவரும்தான்."

மாமா அம்மாவின் பக்கம் திரும்பினார். "எவ்ளோ நேரம்க்கா தட்டைக் கையிலயே வச்சிருப்ப? குடு."

பஸ்ஸில் ஏறியதும் நன்றாகத் தூங்கிவிட்டேன்.

சனிக்கிழமை மாமாதான் எல்லாருக்கும் முன்பாக மண்டபத்துக்கு வந்தார். மாலை போட்டார், சேலை கொடுத்தார், நான் மேடை ஏறினேன். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் என்ன செய்றீங்க என்று கேட்டதற்கு, அறுவடை மெஷினைச் சொல்லாமல், "முன்னாடி ஆடிக்கிட்டிருந்தேன், இப்ப ரிட்டயர்டு" என்றார். இன்றும் எங்கள் வீட்டில் யாருக்காவது காபி வராமல் விட்டுப்போனால், "என்னை ரிட்டயர் பண்ணிட்டீங்களா?" என்றுதான் கேட்கிறார்கள். எங்கள் கல்யாண நாள் வந்தால் மாமா அருளுக்குப் போன் போட்டு, ஒப்பந்தம் புதுப்பித்தாகிவிட்டதா என்று விசாரிக்கிறார்.

இப்போதைய நிலவரம்: ஓய்வு பெறும் வசதியை விளையாட்டின் அமைப்புகளில் அணைத்துவிட்டேன். (அணைக்க முடியும் என்பது முதல் நாளிலிருந்தே அங்கே எழுதியிருந்தது.) ஒப்பந்தங்களை நானே போடுகிறேன். அருள் இப்போது ஐந்தரை அடி, பெஞ்சில் இருக்கிறார். அணியில் பாதிப் பேர் நாற்பதைத் தாண்டிவிட்டார்கள், ஓட முடியவில்லை. போன சீசனில் கடைசி இடம். வீட்டில் யாருக்கும் யார் மேலும் கோபமில்லை.