வீணொழிப்பாளர் தங்கப்பாண்டியன்

வீணொழிப்பாளர் என்றோர் இனம் நம்மிடையே பெருகி வருகிறது. குப்பை அள்ளுகிறவர் என்று நினைத்துவிடாதீர்கள். அவரால் ஊருக்கு நன்மை. இவர் மதுரை ஓட்டல் ஒன்றில் 'லீன்' பயிற்சிக்குப் போய், ஏசியில் உட்கார்ந்து, தொழிலில் வீண் வேலையை ஒழிப்பது எப்படி என்று கேட்டு, கழுத்தில் தொங்கும் அட்டையைக் கழற்ற மனமில்லாமல் ஊர் திரும்பியவர். அதன்பிறகு எதைப் பார்த்தாலும் ஒரே கேள்விதான்: "இதனால கஸ்டமருக்கு என்ன பிரயோசனம்?"

உத்தமபாளையத்தில் மருந்தடிக்கும் மெஷினும் அதன் உதிரி பாகங்களும் விற்கிற தங்கப்பாண்டியனை எடுத்துக்கொள்ளுங்கள். பயிற்சி முடிந்து வந்த மறுநாளே கடைவாசல் பெஞ்சு போயிற்று, காத்திருப்பது வீண். நடப்பதும் வீண் என்று, கடையாள் ஒச்சாண்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு போட்டு, தாண்டக் கூடாது என்றார். பேச்சு? அது மகா வீண். திராட்சைத் தோட்டக்காரர்கள் மழையில் ஆரம்பித்து, மகளுக்கு மாப்பிள்ளை பார்த்த கதைக்குப் போய், கடைசியில்தான் மருந்து பீய்ச்சும் நாசில் கேட்பார்கள். அவர்களை மழைப் பேச்சிலேயே நிறுத்தி, "என்ன வேணும், அத மட்டும் சொல்லுங்க" என்றார். ஒன்றும் வேண்டாமென்று சிலர் போய்விட்டார்கள். நேரம் மிச்சம்.

வீட்டில் சும்மா இருந்தாரா? மனைவி யுவராணி தோசை சுடும்போது பக்கத்தில் நின்று, "மாவுச் சட்டிக்கும் கல்லுக்கும் எதுக்கு இம்புட்டுத் தூரம்? கை வீணா அலையுது பாரு" என்றார்.

"நீங்க அங்கிட்டுப் போய் உக்காந்தா இன்னும் வெரசா ஆகும்" என்றாள் அவள்.

கடைசியாகக் கண் விழுந்தது சரக்கின் மேல். அலமாரியில் தூங்கும் வாஷரும் ஓஸ் குழாயும் முடங்கிய முதல் அல்லவா? எல்லாவற்றையும் மதுரை ஏஜென்சிக்கே திருப்பி அனுப்பினார். யாராவது கேட்டால் காலையில் போன், சாயங்காலம் பார்சல். காலி அலமாரியைப் படமெடுத்துப் பயிற்சி வாட்ஸப் குரூப்பில் போட்டார். பாராட்டு குவிந்தது.

பழம் திரளும் பருவத்தில் மழை பிடித்துக்கொண்டது. விட்டதும் மருந்தடிக்காவிட்டால் பூஞ்சாணம் ஏறிக் கொத்துக் கொத்தாக அழுகிவிடும். மழை விட்ட காலை, ராயப்பன்பட்டி சுகிர்தம் மெஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்.

"தம்பி, வாஷர் கிழிஞ்சுபோச்சு. ஒண்ணு குடு."

"சாயங்காலம் வந்துரும்க்கா."

"சாயங்காலம் வரைக்கும் பூஞ்சாணம் பொறுத்துக்கிருமா? போன வருசமே பாதித் தோட்டம் போச்சு. கம்பத்துக் கடையிலயும் தீந்துபோச்சுன்னு சொல்றாக. தோட்டத்துல ஆளுகள நிப்பாட்டிட்டு வந்துருக்கேன். ஒரு வாஷர் இல்லேன்னா கடைய எதுக்குத் தொறந்து வச்சிருக்க?"

சுகிர்தத்துக்குப் பின்னால் இன்னும் பலர் பழுதான மெஷின்களோடு நின்றார்கள். தங்கப்பாண்டியன் ஏஜென்சிக்குப் போன் போட்டார். பார்சல் வேன் ஆண்டிபட்டிக் கணவாயில் டயர் வெடித்து நிற்கிறதாம். அந்த அம்மாளின் முகத்தை ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை. சட்டென்று ஸ்பேனரை எடுத்தார். விற்பனைக்கு வைத்திருந்த புது மெஷினைப் பிரித்து, வாஷரை உருவிக் கொடுத்தார். அடுத்தவருக்கு நாசில், அதற்கடுத்தவருக்கு ஓஸ். மத்தியானத்துக்குள் கடையிலிருந்த புது மெஷின்கள் எல்லாம் குடல் உருவிய கோழிகளாகக் கிடந்தன. சுகிர்தத்தின் தோட்டம் தப்பியது.

மனிதர் திருந்தியிருப்பார் என்கிறீர்களா? இந்த இனத்தை உங்களுக்குத் தெரியாது. அடுத்த வியாபாரிகள் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தார்: "உதிரி பாகத்துக்குன்னு தனி அலமாரியே வீண். புது மெஷின்தான் அலமாரி." ஏழெட்டுப் பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு நேரே அடுக்களைக்குள் போய், மேல்தட்டு டப்பாவை எடுத்து, "இது எதுக்கு இங்கன கெடக்கு?" என்று கேட்கத் தோன்றினால் கொஞ்சம் நிதானியுங்கள். வீட்டிலிருப்பவர்கள் பதில் சொல்லாமல் உங்களையே ஏற இறங்கப் பார்த்தால், அவர்கள் மனதிலும் அதே கேள்விதான் ஓடுகிறது.