மில்லி சார்

பெட்ரோல் பங்குகளில் ஓர் இனம் உண்டு. பார்த்திருப்பீர்கள். பழைய ஸ்கூட்டர் ஒன்று உள்ளே நுழைந்தால் போதும், தன் வண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போய், கேட்காதவர் காதில் ஆயில் அளவை ஓதிவிட்டுத் திரும்பும் இனம்.

அந்த இனத்தின் திலகம் ஒரு பள்ளிக்கூடத்து வேதியியல் ஆய்வகத்தின் உதவியாளர். ஊர் அவருக்கு வைத்த பெயர் மில்லி சார். ஆய்வகம் கழித்துப் போட்ட கண்ணாடி அளவுக்குழாய் ஒன்றைப் பழந்துணியில் சுற்றி, வண்டிப் பெட்டிக்குள் கைக்குழந்தையைப் போலக் கிடத்தியிருப்பார். டூ-ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு ஆயில் தங்கத் தனி இடம் கிடையாது, அது பெட்ரோலோடு கலந்து உள்ளே போய், பிஸ்டனை வழுக்கவிட்டு, கடைசியில் பெட்ரோலோடே எரிந்து புகையாகிவிடும் என்பதை அவர் வாயால் கேட்காதவர் அந்த ஊரில் உண்டா? லிட்டருக்கு இருபது மில்லி. கூடினால் பிளக்கில் கரி. குறைந்தால் பிஸ்டன் காலி. பங்கில் வேலை செய்யும் பெண் அவர் தலையைக் கண்டதும் காற்றடிக்கும் பக்கமாக ஒதுங்கிவிடுவாள்.

அவர் மனைவி ஆஸ்பத்திரி நர்ஸ். பதினாறு வருஷம் காத்திருந்து தலைமை நர்ஸ் தேர்வுக்கு அழைப்பு வந்திருந்தது. மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில், காலை ஒன்பது மணிக்கு. சார்தான் அழைத்துப் போனார். போகிற வழியில் பங்கில் ஒரு அந்நியரின் ஸ்கூட்டரைக் கண்டார். இருபது நிமிஷம் போயிற்று.

தாமதத்தை ஈடுகட்ட, ஏற்றத்தில் இன்ஜினைக் கொதிக்கவிட்டு ஏறினார். இறக்கத்தில் பெட்ரோலை மிச்சம் பிடிக்க ஆக்ஸிலேட்டரைச் சுத்தமாக மூடிவிட்டு, கியரிலேயே பறந்தார். பறந்தபடி பின்னால் திரும்பி, அந்த அந்நியரின் அறியாமையை மனைவிக்கு விளக்கிக்கொண்டிருந்தபோது இன்ஜின் கிறீச்சிட்டது. பின்சக்கரம் பூட்டுப் போட்டதுபோல் நின்றது. வண்டி சறுக்கி, இருவரையும் சாலையோரப் புல்லில் கொட்டியது.

மனைவிக்கு முழங்கை சிராய்த்திருந்தது. அவள் எழுந்தாள், புடவையைத் தட்டினாள், கணவனுக்கு எலும்பு ஏதும் முறிந்திருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள், வந்த பால் வண்டியைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலை என்றிருந்திருக்கும்.

கியரை விடுவித்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு அடிவாரத்து மெக்கானிக்கிடம் போனார். தன் கலவையில் ஒரு சொட்டுக்கூடப் பிசகில்லை என்று சத்தியம் செய்தார். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "மில்லியெல்லாம் சரியாத்தான் சார் இருக்கு. ஆக்ஸிலேட்டரை மூடிட்டா பெட்ரோல் எங்க போகும்? பெட்ரோல் போகலன்னா ஆயில் மட்டும் தனியா நடந்து போகுமா?"

சார் பங்குப் பக்கம் தலைகாட்டவில்லை. முழுசாக மூன்று நாள்.

நான்காம் நாள் பங்கில் ஒரு கிழவரை மடக்கி, இறக்கத்தில் ஆக்ஸிலேட்டரை அவ்வப்போது லேசாகத் திறந்துவிட வேண்டும், இது பலருக்குத் தெரியாது, தான் அனுபவத்தில் கண்டுபிடித்தது என்று சொல்லிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் முழங்கைக் கட்டோடு மனைவி. அரைமணி பிந்திப் போயும் தேர்வை எழுதி முடித்திருந்தாள்.

"அதை இன்னொருத்தர் சொன்னார்னும் சொல்லுங்க," என்றாள் மெதுவாக.

சாருக்குக் காது கேட்கவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: ஆயிலைத் தனித் தொட்டியிலிருந்து தானே அளந்து ஊற்றிக்கொள்ளும் வண்டிகளும் உண்டே, இந்த ஆள் அதைச் சொல்லவே இல்லையே என்று நடுவில் ஒரு இடத்தில் உங்கள் நாக்கு துடித்ததா, இல்லையா?