பேய்க்கணவாய்க்குத் துக்கம் கேட்ட ஊர்

கார்பயீன்யோ,
ஆகஸ்டு முதல் வாரம்

அன்பும் மரியாதையும் மிக்க மச்சான் அமாரோ அவர்களுக்கு,

உங்கள் தங்கை புருஷன் எலாடியோ எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உங்கள் தங்கை ஒப்துலியா நலம், உங்கள் வண்டி ஏறக்குறைய நலம். அங்கே உங்கள் முழங்கால் நலமா என்று அறிய ஆவல். எங்கள் மகள் அந்தீயாவின் கல்யாணம் சந்தியாகப்பர் புண்ணியத்தில் நல்லபடியாக முடிந்தது. முழங்காலை முன்னிட்டு நீங்கள் வரவில்லை என்றாலும், படுக்கையும் அடுப்பும் குளிர்பெட்டியும் வைத்த உங்கள் வேனை எங்களுக்குக் கொடுத்து அனுப்பினீர்களே, அதற்கு நன்றி சொல்லத்தான் இந்தக் கடிதம். முக்கியமாக அந்தக் குளிர்பெட்டிக்கு நன்றி. அது வழியில் கெட்டுப்போனதற்கு நன்றி. கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைக்க வேண்டாம். முழுவதும் படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தாய்க்கும் மகளுக்கும் ஈஸ்டரிலிருந்து பேச்சு இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். தெற்கே எசிஹாவில் மாப்பிள்ளை வீட்டில் கல்யாணம், ஜூலைக் கடைசி, அடுப்பில்லாமலே ரொட்டி வேகிற ஊர், அங்கே வந்து அண்டா வைத்துப் பேய்க்கணவாய் அவிக்காதேம்மா, வெறும் கையோடு வா போதும் என்று அந்தீயா போனில் சொல்லிவிட்டாள். யாரிடம் சொல்கிறாள் பாருங்கள். இந்த வட்டாரத்தில் எந்தத் திருவிழாவானாலும் செம்பு அண்டாவுக்கு முன்னால் நின்று அந்த எட்டுக் கால் பிராணியை மூன்று தடவை முக்கி எடுக்கிறவள் உங்கள் தங்கைதானே. என் மகள் கல்யாணத்தில் அது இல்லையென்றால் நானும் இல்லை என்று உட்கார்ந்துவிட்டாள். நான் ஒரு ஓய்வுபெற்ற நாவிதன், எத்தனையோ தலைகளைப் பார்த்தவன், இப்படி ஒரு பிடிவாதத் தலையைப் பார்த்ததில்லை. கடைசியில் நான்தான் கெஞ்சிக் கூத்தாடி, உறைய வைத்த பேய்க்கணவாய்களையும் அண்டாவையும் வண்டியில் ஏற்றி, நீ கொண்டு வா, மகளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று கிளப்பினேன். அதற்கும் ஒரு நிபந்தனை போட்டாள். வழியில் அது கெட்டுப்போனால் அந்த இடத்திலேயே வண்டியைத் திருப்பிவிட வேண்டும். ஆக, பேய்க்கணவாய் போய்ச் சேர்ந்தால்தான் என் மகளின் கல்யாணத்தில் அவள் அம்மா இருப்பாள். பெற்றவன் நிலைமை எப்படி இருந்திருக்கும் பாருங்கள் மச்சான்.

காற்றோட்டமான வண்டி என்று சொன்னீர்கள், உண்மைதான், அடுப்பிலிருந்து அடிப்பது போன்ற காற்று எல்லாப் பக்கமும் வந்தது. சமோராவில் நிறுத்திக் காபி குடித்தோம். அதற்கப்புறம் தெற்கே இறங்க இறங்க ஜன்னல் ரப்பர் இளகிக் கையில் ஒட்டியது. நீங்கள் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டி வைத்திருந்த மாதா படம் பசை உருகி கியர் மேல் விழுந்தது. மாதாவே போகாதே என்கிறாள், திரும்பிடலாமா என்று கேட்டாள் உங்கள் தங்கை. மாதா கியரை மாற்றச் சொல்கிறாள் என்று நான் சொன்னேன். எக்ஸ்திரெமதூரா மாகாணத்துக்குள் நுழைந்து, ஒரு ஓக் மரத்தடியில் நிறுத்திக் குளிர்பெட்டியைத் திறந்தால் உள்ளே வெதுவெதுப்பாக இருக்கிறது. பேய்க்கணவாய் ஒன்று காலை லேசாகத் தொங்கப்போட்டிருந்தது. பெட்டியை உதைத்தேன், தட்டினேன், உங்கள் பெயரைச் சொல்லித் திட்டினேன். ஆனால் மச்சான், உள்ளே குளிரைக் கூட்டிக் குறைக்கிற திருகுக் குமிழை மட்டும் தொடாதே, நான் சரியாக வைத்திருக்கிறேன் என்று நீங்கள் சொன்னீர்களே, அந்தச் சொல்லைத் தட்டாமல் அதைத் தொடவே இல்லை.

பக்கத்தில் ஒரு சின்ன ஊர். மதியத் தூக்க நேரம். மருந்துக்கடைப் பச்சை விளக்கில் நாற்பத்து நாலு டிகிரி என்று எழுத்து ஓடுகிறது, மனுஷர் நடமாட்டம் இல்லை, மதுக்கடை சாத்தியிருக்கிறது, நாய்கூட எழுந்து குரைக்கவில்லை. ஊர்க் கோடியில் ஒரே ஒரு கதவு திறந்து, உள்ளேயிருந்து ஜில்லென்று காற்று வந்தது. போய்ப் பார்த்தால், ஊராட்சியின் துக்க மண்டபம். அதாவது செத்தவர்களைக் கொண்டுவந்து வைத்து, சொந்தபந்தம் வந்து உட்கார்ந்து அழுகிற இடம். அதைப் பார்த்துக்கொள்கிற காஸ்தோ என்பவர் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். நான் கண்ணீர் விடாத குறையாக விஷயத்தைச் சொன்னேன். அவர் எழுந்து குளிர் அறைக் கதவைத் திறந்து காட்டினார்.

"குளிர் அறை காலியாத்தான் கிடக்கு. வசந்த காலத்திலிருந்து இந்த ஊர்ல ஒருத்தரும் சாக மாட்டேங்கறாங்க," என்றார், குறைப்பட்டுக்கொள்வது போல.

பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கினோம். மரியாதைக்கு இருக்கட்டும் என்று காஸ்தோ மேலே ஒரு வெள்ளைத் துணி போர்த்தினார். அங்கேதான் வந்தது வினை. இந்த ஊர்க்காரர்கள் சன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம், பலகை இடுக்கு வழியாக ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது. வெளியூர் வண்டி, அழுத கண்ணோடு ஒரு ஆள், உம்மென்று ஒரு பெண், வெள்ளைத் துணி போர்த்திய நீளமான ஏதோ ஒன்று. சற்றைக்கெல்லாம் கறுப்பு உடுத்தி, விசிறியும் கையுமாக ஒவ்வொருவராக வந்துவிட்டார்கள். ஊரில் நல்ல குளிர்சாதனம் அந்த மண்டபத்தில் மட்டும்தான் என்பதையும் சொல்ல வேண்டும். யார் வீட்டுத் துக்கமானாலும் கோடையில் அங்கே கூட்டத்துக்குக் குறைவே கிடையாதாம். ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நாமெல்லாம் போக வேண்டியவர்கள்தானே என்றார். இல்லை ஐயா, அது வந்து, என்று நான் இழுத்தேன். பேச வேண்டாம், மனசு புரிகிறது என்று தோளைத் தட்டினார். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஃபெர்மினா என்று ஒரு அம்மாள், காலில் தடித்த கறுப்புக் காலுறை, ஒப்துலியாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, போனது யாரம்மா என்று மெல்லக் கேட்டாள். இவள் வாயைத் திறந்தாள். பேய்க்கணவாய் என்றுதான் சொல்லப் போகிறாள் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"என் பொண்ணு," என்றாள், அவ்வளவுதான், உடைந்துவிட்டாள். முப்பது வருஷமாக அவளோடு குடும்பம் நடத்துகிறேன் மச்சான், அப்படி ஒரு அழுகையை நான் பார்த்ததில்லை. ஈஸ்டரிலிருந்து அடக்கி வைத்திருந்தது மொத்தமும் வந்தது. மண்டபமே சேர்ந்து அழுதது. காஸ்தோகூடக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அவருக்கு விஷயம் தெரியும், இருந்தாலும்.

"எப்படிம்மா ஆச்சு?" என்றாள் ஃபெர்மினா.

"எசிஹாக்காரனைப் பிடிச்சுட்டா. சனிக்கிழமை கல்யாணம்."

விசிறிகள் நின்றன.

"யாருக்குக் கல்யாணம்?"

"அவளுக்குத்தான்."

"அப்போ உள்ள இருக்கிறது யாரு?"

காஸ்தோ தொண்டையைச் செருமிக்கொண்டு, "பேய்க்கணவாய்," என்றார்.

அடிக்கப் போகிறார்கள், முதலில் என்னைத்தான் அடிப்பார்கள் என்று நான் வாசலைப் பார்த்தேன். ஃபெர்மினா எழுந்தாள். "இந்த வெயில்ல காலுறை மாட்டிக்கிட்டு வந்திருக்கேன். செத்தவங்க முகத்தைப் பார்க்காம நான் வீட்டுக்குப் போனதில்லை. திற கதவை," என்றாள். திறந்தார்கள். வெள்ளைத் துணியை விலக்கி உற்றுப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டு, "நல்லா வாழ்ந்த உடம்பு," என்றாள். அதற்குப் பிறகு அந்த மண்டபத்தில் எழுந்த சிரிப்பை என்னால் எழுத முடியாது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து, கறுப்பு உடையோடு சிரித்தார்கள். உங்கள் தங்கையும் அழுகையோடு அழுகையாகச் சிரித்தாள்.

துக்கத்துக்கு வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்பினால் செத்ததுக்கு மனசு ஆறாது என்று ஃபெர்மினா தீர்ப்புச் சொல்லிவிட்டாள். வெயில் தாழ்ந்ததும் சதுக்கத்தில் நாற்காலிகள் வந்தன, விறகு வந்தது, ஒப்துலியா செம்பு அண்டாவை ஏற்றினாள். இளகத் தொடங்கியிருந்த இரண்டை மட்டும் எடுத்து, மூன்று தரம் முக்கி, அவித்து, கத்தரித்து, எண்ணெய் ஊற்றி மிளகாய்த்தூள் தூவிப் பலகையில் வைத்தாள். காவல்காரர் முதல் பாதிரியார் வரை பலகையைத் துடைத்துச் சாப்பிட்டார்கள். ஃபெர்மினா குச்சியால் குத்திக் குத்தித் தின்றுகொண்டே, "உயிரோட இருக்கிற பொண்ணுக்காடி ஊரைக் கூட்டி அழுதே? நீ போகலேன்னா சொல்லு, நான் போய் நிக்கிறேன் அம்மா ஸ்தானத்துல," என்றாள். ஒப்துலியா கையைத் துடைத்துக்கொண்டு என்னிடம் போனை வாங்கினாள். ஈஸ்டருக்குப் பிறகு மகளோடு பேசுவது அதுதான் முதல் தடவை. "அண்டா பெருசு. இடம் ஒதுக்கி வை," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். 

மறுநாள் காலையில் வீட்டுக்கு வீடு ஐஸ்கட்டி கொண்டுவந்து உங்கள் குளிர்பெட்டியில் கொட்டினார்கள். அந்த ஐஸ் எசிஹா போய்ச் சேரும்வரை உருகவே இல்லை மச்சான். நல்ல மனசோடு கொடுத்த ஐஸ் அப்படித்தான் இருக்கும் போலும். கோயில் வாசலில் அந்தீயா தெருவையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா அண்டாவைத் தூக்கிக்கொண்டு இறங்கியதும், "வேண்டாம்னு சொன்னேன்ல?" என்றாள். "சொன்னே. கேட்டுச்சு," என்றாள் இவள். அப்புறம் இரண்டு பேரும் கட்டிக்கொண்டு விடவே இல்லை, நடுவில் அண்டா மாட்டிக்கொண்டது, நான்தான் உருவி எடுத்தேன். சம்பந்தியம்மா மூன்று தட்டு சாப்பிட்டுவிட்டு, இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டாள். அமைதியான இடத்தில் என்று சொன்னேன்.

ஆகையால் மச்சான், உங்கள் பெட்டி மட்டும் ஒழுங்காக ஓடியிருந்தால் நாங்கள் அந்த ஊரில் நின்றிருக்க மாட்டோம், உங்கள் தங்கை அழுதிருக்க மாட்டாள், அந்த போன் போயிருக்காது. உங்கள் பழைய வண்டியையும் அதைவிடப் பழைய பெட்டியையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன். திரும்பி வரும்போது மாதா புதுமையால் அது தானாகவே குணமாகி, வழியெல்லாம் தண்ணீர் ஜில்லென்று இருந்தது. சந்தியாகப்பர் உங்கள் முழங்காலை நேராக்கி, வீட்டில் எல்லாருக்கும் நீண்ட ஆயுளும், சாகும்போது கூட்டமும் குளிர்ச்சியும் அருளட்டும்.

இப்படிக்கு, என்றும் கடமைப்பட்ட
எலாடியோ

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் உங்கள் தங்கை கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டாள். பெட்டி கெடவே இல்லையாம். சமோராவில் நான் காபிக்குக் காசு கொடுக்கப் போன நேரத்தில் இவள்தான் அந்தத் திருகைத் திருப்பிப் பெட்டியை அணைத்திருக்கிறாள். எதுக்குடி என்று கேட்டேன். "கெட்டுப்போனா திரும்பிடலாம்ல. நான் போய் நிக்காம அவளுக்கு எப்படிக் கல்யாணம் நடக்கும்னு ஒரு நெனப்பு," என்றாள். மறுபடி எப்போது போட்டாய் என்றேன். அந்தப் போனை வைத்த கையோடு போய்ப் போட்டாளாம். எனவே மேலே உங்கள் பெட்டிக்குச் சொன்ன நன்றி முழுவதையும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், நான் உதைத்ததில் அதன் கதவுக் கைப்பிடி கழன்றுவிட்டதற்கு மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன். கிறிஸ்மஸுக்கு மகளைப் பார்க்கப் போக வண்டி மறுபடியும் வேண்டுமாம். திருகைத் தானே பார்த்துக்கொள்கிறாளாம்.