குலுங்காமல் சிரிக்க வேண்டிய எருமை

ஒரு காட்டில் ஓர் எருமைக்கு விசாரணை நடந்துகொண்டிருந்தது. சிரிக்கவில்லை என்பது குற்றம்.

எருமையின் பெயர் சுடலை. விசாரித்தது குரங்கு. குளத்துக்குத் தண்ணீர் குடிக்க வருகிறவர்களை வரிசையில் நிறுத்துவது அதன் வேலை. கையில் ஒரு குச்சி இருந்ததால் எல்லோரும் அதை அதிகாரி என்றார்கள். புகார் கொடுத்தது ஒரு புள்ளிமான். முந்தின ராத்திரி நிகழ்ச்சியில் காடே விழுந்து விழுந்து சிரித்தபோது சுடலை மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றானாம். மேலே ஜோக்கைப் பார்ப்பதா, கீழே இந்த மூஞ்சியைப் பார்ப்பதா என்று தெரியாமல் பாதிச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிட்டதாம்.

"ஏன்டா சிரிக்கல?" என்று குரங்கு கேட்டது.

"சிரிப்பு வரல."

விசாரணை இதோடு முடிந்திருக்க வேண்டும். இதைவிட நேரான பதில் கிடையாது. ஆனால் விசாரணை என்று ஒன்றை வைத்துவிட்டால் அவ்வளவு சீக்கிரம் முடிக்க மாட்டார்கள். நீ ராஜாவுக்கு வேண்டியவனா என்று மான் கேட்டது. இல்லை என்றான். அப்படியென்றால் ராஜாவுக்கு வேண்டாதவனா என்று குரங்கு கேட்டது. அதுவும் இல்லை என்றான். ரெண்டும் இல்லாமல் ஒருத்தன் எப்படிச் சிரிக்காமல் இருக்க முடியும் என்று அதுகளுக்குப் புரியவில்லை.

மேலே ஜோக், கீழே மூஞ்சி என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன்.

நிகழ்ச்சி நடத்துவது கரிச்சான். கருப்பாக, வால் பிளந்து, கைக்குள் அடங்குகிற குருவி. யார் குரலில் வேண்டுமானாலும் பேசிக் காட்டும். புலி ராஜாவின் குரலில் பேச ஆரம்பித்தால் கேட்கிறவர்கள் பதுங்கப் பார்ப்பார்கள். நிமிர்ந்து பார்த்தால் ஒரு குருவி உட்கார்ந்திருக்கும். அதில்தான் சிரிப்பு. கரிச்சான் எருமை முதுகில் உட்காருவது உலக வழக்கம். ஆகவே சுடலையின் முதுகுதான் மேடை.

முதலில் ஒரு யானைக்குட்டியை மேடையாக வைத்துப் பார்த்தார்கள். அது முதல் ஜோக்குக்கே குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததில் கரிச்சான் புதருக்குள் போய் விழுந்தது. குலுங்காத ஆளாகப் பார்க்க வேண்டும் என்று தேடித்தான் சுடலையைப் பிடித்தார்கள். அதாவது, சிரிக்க மாட்டான் என்பதற்காகவே வேலைக்கு எடுத்தார்கள். இப்போது சிரிக்கவில்லை என்று விசாரிக்கிறார்கள். வேலை என்றால் இப்படித்தான்.

அந்தக் கோடையில் குளத்தின் மூன்று கரையையும் ராஜா தன் குளியலுக்கு எடுத்துக்கொண்டார். (ராஜாவை மட்டும் 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். சட்டம்.) மிச்சம் இருந்த கரையில் முள்வேலி போட்டு, ஓர் உடம்பு நுழைகிற அளவுக்கு வழி விட்டார். பொழுது சாய்ந்து நிற்க ஆரம்பிக்கிற வரிசை ராத்திரி வரைக்கும் நிற்கும். தாகத்தோடு நிற்கிறவர்களுக்குக் கோபம் வரும் இல்லையா, அந்த நேரத்தில்தான் நிகழ்ச்சி. ராஜாவைக் கிழி கிழி என்று கிழிக்கும் கரிச்சான். ராஜா அதைத் தடுக்கவே இல்லை. தன்னைக் கிண்டல் செய்ய விடுகிறாரே, என்ன மனசு என்று காடு முழுக்க அதுதான் பேச்சு. தண்ணீர் விடாதது பழைய செய்தி ஆகிவிட்டது.

சுடலைக்கு அரசியல் எல்லாம் ஒன்றும் கிடையாது. அவன் தங்கச்சி பேச்சி கன்று போட்டிருந்தாள். கன்றை வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் அவளால் நிற்க முடியாது. நிகழ்ச்சி முடிகிற வரைக்கும் ஆடாமல் அசையாமல் நின்றால் முதல் ஆளாக அவளை உள்ளே விடுவதாகக் குரங்கு சொல்லியிருந்தது. சுடலை நின்றான். நிகழ்ச்சி முடிந்ததும் குரங்கு முள்ளை இழுத்து வழியை அடைத்துவிட்டு, இன்றைக்கு இவ்வளவுதான், நாளைக்குப் பார்க்கலாம் என்றது. மறுநாளும் அதையே சொன்னது. பேச்சிக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. கன்று மடியை முட்டி முட்டிப் பார்த்துவிட்டு இப்போது முட்டுவதையும் விட்டுவிட்டது.

இதுதான் சுடலையின் மூஞ்சிக்குக் காரணம். இதை யாரும் கேட்கவில்லை.

விசாரணையின் முடிவைக் குரங்கு சொன்னது. நாளை ராத்திரி ராஜாவே நிகழ்ச்சிக்கு வருகிறார். கரிச்சானுக்குக் 'காட்டின் மனசாட்சி' என்று பட்டம் தருகிறார். அந்த நேரத்தில் சுடலை சிரித்தாக வேண்டும். சிரிக்காவிட்டால் பேச்சியின் முறை அந்தக் கோடை முழுக்க ரத்து.

"சிரிச்சா முதுகு குலுங்குமே" என்றான் சுடலை.

"குலுங்காம சிரி."

அன்றைக்கு வெயில் தாழ்ந்த நேரத்தில் கரிச்சான் தனியாக வந்து அவன் கொம்பில் உட்கார்ந்தது. கொஞ்ச நேரம் வாலை ஆட்டிக்கொண்டே இருந்தது. காடே சிரித்தாலும் சிரிக்காத ஒருத்தன்தான் கலைஞனுக்குக் கண்ணில் படுவான்.

"உண்மையச் சொல்லு சுடலை. நான் பேசினது நல்லா இல்லையா?"

"எது சார்?"

கரிச்சான் தொண்டையைச் செருமிக்கொண்டு ராஜாவின் குரலில் ஆரம்பித்தது. "அன்பான பிரஜைகளே, தண்ணீர் எல்லோருக்கும் பொது. கூட்டத்தில் நீங்கள் சிரமப்படக் கூடாது என்பதற்காக உங்கள் எல்லோருக்கும் சேர்த்து நானே குளிக்கிறேன்."

"அது ராஜாவே போன அமாவாசைக்குச் சொன்னதாச்சே சார்."

"ஆமா."

"அதுல நீங்க என்ன சேர்த்தீங்க?"

கரிச்சான் யோசித்தது. "குரல்" என்றது.

"குரலும் அவரோடதுதானே."

கரிச்சானுக்குச் சுருக்கென்றது. இந்தக் காட்டில் ராஜாவைப் பற்றி வாயைத் திறக்கிற ஒரே ஆள் தான்தான் என்று சொல்லிக் காட்டியது. சுடலை அதை மறுக்கவில்லை. தைரியம் உண்டு, அது பொய் இல்லை. ஆனால் தைரியத்துக்குக் குளம்பைத் தட்டலாம், எதற்குச் சிரிக்க வேண்டும் என்று கேட்டான்.

பிறகு, வெகு நாளாகச் சொல்ல நினைத்ததைச் சொன்னான். மேடையாக நிற்பதால் வரிசை முழுக்க அவனுக்கு நேர் எதிரே தெரியும். ஒவ்வொரு ஜோக்குக்கும் எல்லோரும் தலையை அண்ணாந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு சிரிக்கிறார்கள். கண் மூடியிருக்கிற அந்த நேரத்தில் ராஜாவின் மச்சான்கள் உள்ளே புகுந்துவிடுகிறார்கள். எல்லாம் காட்டுப்பன்றிகள். பன்றி எப்படிப் புலிக்கு மச்சான் என்று கேட்காதீர்கள், பதவி வந்தால் சொந்தமும் வரும். இதனால்தான் வரிசை நகரவே இல்லை.

கரிச்சான் வாலை ஆட்டுவதை நிறுத்தியது.

"நிஜமாவா?"

"நான் ஒருத்தன்தானே சார் கண்ணைத் திறந்துக்கிட்டு நிக்கிறேன்."

அப்புறம் கரிச்சான் குரலைத் தாழ்த்திக் கேட்டது. "எந்த ஜோக்குக்கு நிறையப் பன்றி போச்சு?"

சுடலை கண்ணை மட்டும் மேலே உருட்டிப் பார்த்தான். கரிச்சானே வெட்கப்பட்டு, இதைச் சும்மா விடப்போவதில்லை, நாளைக்கு ராஜா முன்னாலேயே போட்டு உடைக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பறந்தது. சுடலை அதை நம்பினான். வீட்டுக்குப் போய், நாளைக்குக் கண்டிப்பாகத் தண்ணீர் என்று பேச்சியிடம் சொன்னான்.

எதற்கும் இருக்கட்டும் என்று குலுங்காமல் சிரிக்கவும் பழகிப் பார்த்தான். வாயை மட்டும் திறந்து, விலாவை இறுக்கிப் பிடித்து, மூச்சை உள்ளேயே வைத்துக்கொண்டு. பேச்சி பயந்துபோய் எழுந்து வந்தாள்.

"வயிறு வலிக்குதா அண்ணே?"

அதோடு விட்டுவிட்டான்.

மறுநாள் ராஜா வந்தார். முன்வரிசையில் கால்மேல் கால் போட்டுப் படுத்தார். அவருக்குப் பின்னால் மான்கள், முயல்கள், காட்டு ஆடுகள், எல்லோர் வாயிலும் தண்ணீர் படாத நாக்குகள். வேலியோரப் புதரில் பேச்சி கன்றோடு காத்திருந்தாள். அண்ணன் கத்தினால் வர வேண்டும் என்று பேச்சு.

கரிச்சான் சொன்ன மாதிரியே போட்டு உடைத்தது. ராஜாவின் குரலில் உடைத்தது.

"பிரஜைகளே, சிரிக்கும்போது தயவுசெய்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என் மச்சான்கள் கூச்ச சுபாவக்காரர்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருந்தால் அவர்களால் வரிசையில் முன்னால் புக முடியாது."

நேர்மையாகச் சொல்ல வேண்டும் என்றால், நல்ல ஜோக். சுடலைக்கே உதடு லேசாகத் துடித்தது. பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் விலங்குகள் எல்லாம் கண்ணைத் திறந்து பன்றிகளைப் பார்த்துத் திருந்திவிடும். இதுகள் இன்னும் இறுக்கி மூடின. முயல்கள் உருண்டன. மானுக்கு மூச்சு முட்டியது. ராஜா முன்னங்காலால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் மச்சான்களை என்னமாய்ப் பிடித்திருக்கிறான் என்று சிரித்தார். மச்சான்களும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே, என்றைக்கும் இல்லாத கூட்டமாக, உள்ளே போனார்கள். குரங்கு குச்சியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

உட்கார்ந்த இடத்திலிருந்தே சுடலையைப் பார்த்துப் பல்லைக் கடித்தது. "சிரிடா. ராஜா பாக்குறாரு."

ராஜா பார்க்கவில்லை. அவர் கண்ணும் மூடியிருந்தது. குரங்கும் திரும்பச் சிரிப்பு வந்து கண்ணை மூடிக்கொண்டது. சுடலையைத் தவிர காட்டில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை. முள்வேலி வழி சும்மா கிடந்தது.

சுடலை ஒரே ஒரு தடவை கத்தினான். பிறகு நடக்க ஆரம்பித்தான்.

முதுகில் கரிச்சான் குனிந்து வணக்கம் போட்டுக்கொண்டிருந்தது. மேடை ஆடுவதைப் பார்த்து, தன் ஜோக்குக்குச் சுடலையும் கடைசியில் குலுங்கிவிட்டான் என்று அதற்கு அவ்வளவு சந்தோஷம். காலடியில் சேறு சளக் என்றபோதுதான் விஷயம் புரிந்தது. நில்லு, இன்னும் ரெண்டு ஜோக் இருக்கிறது என்றது. சுடலை நிற்கவில்லை.

சிரிப்பு அடங்கிக் கண்ணைத் திறந்தவர்களுக்கு மேடையைக் காணோம். மேடை குளத்துக்குள் போய்க்கொண்டிருந்தது. அடுத்த ஜோக் காதில் விழாமல் போய்விடுமோ என்று எல்லோரும் அடித்துப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்கள். வேலி மிதிபட்டு மண்ணோடு போனது. அது புரட்சி என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். நல்ல இடம் பிடிக்கத்தான் ஓடினார்கள். புள்ளிமான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு, வரிசை எப்போது நகரும் என்று பக்கத்தில் கேட்டது.

குளத்தின் நடுவில் போய் எருமை என்ன செய்யுமோ அதைச் சுடலை செய்தான். உட்கார்ந்தான்.

காட்டின் மனசாட்சி தண்ணீருக்குள் போனது. மேலே வந்ததும் வாயைத் திறந்து கத்தியது. ராஜா குரல் இல்லை, நரி குரல் இல்லை, அதன் சொந்தக் குரல். ஊசி மாதிரி ஒரு கீச். பிறந்ததிலிருந்து யாரும் அதைக் கேட்டதே இல்லை.

சுடலைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. கழுத்து குலுங்கி, திமில் இல்லாத அந்த முதுகு முழுக்கக் குலுங்கி, குளமே குலுங்கியது. அலை போய்க் கரையில் ராஜாவின் மீசையை நனைத்தது. வேறு ஒருத்தரும் சிரிக்கவில்லை. இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று ராஜா கேட்டார். இதில் அரசியலே இல்லையே என்றது மான்.

அந்தப் பெரிய உடம்புக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாமல், பேச்சி குடித்துக்கொண்டிருந்தாள். மூக்கு முங்கக் குடித்தாள். கன்று அவள் காலுக்கிடையில் நின்று, தண்ணீரை என்ன செய்வது என்று தெரியாமல் முகர்ந்து பார்த்தது. சுடலை எழுந்தால் ரெண்டு பேரும் வெட்டவெளியில் தெரிந்துவிடுவார்கள்.

எழுந்திரு என்றார் ராஜா. எழுந்திருடா என்றது குரங்கு, குச்சியைத் தேடிக்கொண்டே. மேடை இல்லாமல் எப்படிப் பார்ப்பது, எழுந்திரு என்று மான்கள் கத்தின. கரிச்சான் அவன் கொம்பில் ஏறி, இறகை உதறி, ராஜாவின் குரலைத் திரும்ப எடுத்துக்கொண்டு அதுவும் எழுந்திரு என்றது. கண்ணை மூடிக் கேட்டால் எது ராஜா எது கரிச்சான் என்று தெரியவில்லை.

சுடலை எழவில்லை.

நீதி: ராஜாவைக் கிண்டல் செய்கிறவர்களைத் தாராளமாக முதுகில் ஏற்றிக்கொள்ளுங்கள். குளம் எந்தப் பக்கம் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.