நீல டிரம்மில் எலுமிச்சைக் கன்று

எடமலைப்பட்டி புதூர்

அருமைத் தங்கை வேணிக்கு அக்கா வள்ளிக்கண்ணு எழுதுவது. அரங்கன் புண்ணியத்தில் இங்கே நானும் நாலு சுவரும் சௌக்கியம். ஓசூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

“தனியா கிடக்காதீங்கக்கா, இங்கேயே வந்துடுங்க” என்று போனில் மறுபடியும் அழுதாய். நீ அழுதால் எனக்கு மறுக்க வராது, அதனால் எழுதுகிறேன்: வர முடியாது. உன் அத்தான் போய்ச் சேருவதற்கு முன் கடைசியாக வாங்கி வந்த எலுமிச்சைக் கன்று மொட்டை மாடியில் இருக்கிறது. இடுப்பளவு நீல டிரம்மில் வைத்தேன். நாலு ஆள் சேர்ந்தாலும் நகராது.

சின்னக் கன்று, தாராளமாக வேர் விடட்டும் என்றுதான் அவ்வளவு பெரிய டிரம். மண்ணும் கண்ட மண் இல்லை, அம்மா மண்டபத்துக் காவிரி வண்டல்; பெருமாளைச் சேவித்துவிட்டு வாராவாரம் ஒரு பை பஸ்ஸில் கொண்டுவந்தேன். கண்டக்டர், “ஆத்தையே அள்ளிட்டுப் போறீங்களேம்மா, லக்கேஜ் போடணும்” என்றார்; அந்தக் காசைக் கணக்கில் தெய்வ காரியம் என்று எழுதிக்கொண்டேன். துளசிக்குச் செய்வதுபோலவே தினமும் சுற்றிவந்து ஒரு குடம் தண்ணீர். சுற்றும்போது வீட்டு விஷயமெல்லாம் சொல்வேன். பதில் பேசாது, உன் அத்தானும் அப்படித்தானே. அப்புறம் இலை மஞ்சளடித்தது. கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டேன். எதிர்வீட்டு சுஜா இருமிக்கொண்டே ஓடிவந்து, “மிளகாயை நிறுத்துங்க ஆன்ட்டி!” என்று சொல்லி, தென்னூரில் நர்சரி வைத்திருக்கும் லூர்துராணியை வரவழைத்தாள்.

லூர்துராணி லேசாகத்தான் இழுத்தாள், கன்று கையோடு வந்துவிட்டது! அத்தனை பெரிய டிரம்மில் ஒரு கைப்பிடி வேர், அதிலும் பாதி அழுகல்.

“இத்தனூண்டு செடிக்கு இவ்ளோ இடமாம்மா? அது குடிக்கிறது ஒரு வாய், மிச்சமெல்லாம் சேத்துலயே நிக்குது. வேருக்கு மூச்சு முட்டுது.”

“காவிரி மண்ணுங்க அது!”

“கும்பிட்டுக்குங்க. செடியை வைக்காதீங்க.”

செம்மண், மணல், தேங்காய் நார்த்தூள், மக்கிய சாணம் கலந்து, வேரைவிடக் கொஞ்சமே பெரிய தொட்டியில் நட்டாள். வேர் நிறைந்த பிறகுதான் அடுத்த அளவாம். விரல் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீராம். ஆகையால் இப்போது சுற்றுவதோடு சரி. அவள் போனதும் மூன்று அறையிலும் விளக்கைப் போட்டுவிட்டு, ஓர் அறையில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

கன்று பிழைக்குமா தெரியவில்லை. இதை விட்டு நான் எங்கே வர? இனிமேல் கூப்பிடாதே. அரங்கன் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்கமாட்டான்.

அன்புள்ள அக்கா,
வள்ளிக்கண்ணு

பி.கு.: இன்று காலை ஒரு தளிர் விட்டிருக்கிறது. தொட்டியைத் தூக்கிப் பார்த்தேன், பஸ்ஸில் மடியில் வைத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. உங்கள் பால்கனியில் வெயில் விழுமா?